‘ஈரோடு மஞ்சள்’னு சாக்குல எழுத என்னென்ன காகிதம் வேணும்? தெரிஞ்சவங்க எழுதுங்க

கொடுமுடி, மஞ்சள் விவசாயி:
ஈரோடு மார்க்கெட்டுக்கு வர்ற மஞ்சள் எல்லாம் ஈரோட்டு மண்ணுல விளைஞ்சது இல்லைங்க. மைசூர்ப் பக்கச் சரக்கும் இங்கதான் இறங்குது. ஏலம் முடிஞ்சு குடோனுக்குள்ள போயிட்டா எது யாரு காட்டுல விளைஞ்ச மஞ்சள்னு சாக்கு சொல்லாது. அரைச்ச பாக்கெட்டுல ‘ஈரோடு’ன்னு இருக்கறது பல சமயம் பேக் பண்ணுனவங்க முகவரி, அவ்வளவுதான். 2011 பொட்டலப் பொருள் விதிகள் கேக்கறது தயாரிப்பாளர் அல்லது பேக்கர் பேரு, முகவரி, நிகர எடை, மாசம் வருசம், எம்ஆர்பி. இறக்குமதிச் சரக்குன்னா எந்த நாடுன்னு போடணும். உள்நாட்டுச் சரக்குக்கு எந்த ஊருக் காட்டுல விளைஞ்சதுன்னு போடச் சொல்லி அதுல எதுவும் இல்லை. 2019-ல ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு (இந்தப் பேரு இந்த ஊர்ச் சரக்குக்குத்தான்னு அரசு தர்ற பதிவு, சுருக்கமா ஜிஐ) வந்துச்சு. வந்தும் நமக்கு என்ன மாறுச்சுன்னு ஊருக்குள்ள கேக்காத ஆளில்லை.

கோபி, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி கணக்காளர்:
மாறாததுக்குக் காரணம் பதிவேட்டுலயே இருக்குதுங்க. புவிசார் குறியீட்டுப் பதிவேட்டுக்கு ரெண்டு பகுதி. ‘அ’ பகுதியில் குறியீட்டை வாங்குன அமைப்பு இருக்கும். ஈரோடு மஞ்சளுக்கு அது வணிகர்கள், கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். ‘ஆ’ பகுதிதான் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ பட்டியல். விளைவிக்கறவரும் அதுல தனியாப் பேரு சேர்க்கணும். சேர்க்காம சாக்குல அந்தப் பேரைப் போட்டா, எல்லைக்குள்ளயே விளைஞ்சிருந்தாலும் உரிமை கேக்க முடியாது.

விண்ணப்பம் ஜிஐ-3 படிவம், சென்னை கிண்டியில் இருக்கற பதிவகத்துக்குப் போகணும். 2020 விதித் திருத்தத்துல கட்டணம் 500-ல இருந்து 10 ரூபாய் ஆயிருச்சு. அதைவிடப் பெரிய விசயம், சங்கத்தோட சேர்ந்துதான் விண்ணப்பிக்கணுங்கற கட்டாயம் போயிருச்சு. நகல் ஒண்ணு அவங்களுக்கு அனுப்புனாப் போதும்.

ஆனா காசுல யாரும் மாட்டறதில்லை, காகிதத்துல மாட்டறாங்க. பட்டா காலமான அப்பா பேர்லயே கிடக்கும். குத்தகைக் காடுன்னா பட்டாவே வேற ஆளு. எந்த நிலத்துல என்ன பயிருன்னு எழுதற அடங்கல் கணக்குல போன வருசப் பயிரே தொடர்ந்து ஏறியிருக்கும், நிலத்துல நிக்கறது மஞ்சள். அதனால நட்ட கையோட விஏஓ-கிட்ட அடங்கல்ல மஞ்சள்னு ஏத்தி நகல் வாங்கி வெச்சிருங்க. அறுப்பு முடிஞ்சு போய்க் கேட்டா அவரு எதைப் பாத்து எழுதுவாரு?

இன்னொண்ணு, குறியீட்டு விண்ணப்பத்துல எந்த ரகம், எந்த எல்லைன்னு எழுதியிருக்கோ அதுதான் கணக்கு. வேற ரகம் நட்டவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஆவணத்தைப் படிச்சிருங்க, பதிவகத்தோட தளத்துலயே கிடக்கு. குறியீட்டுப் பதிவுக்கு ஆயுசு 10 வருசம், அதுவும் விண்ணப்பம் போட்ட தேதியில இருந்து. ‘ஆ’ பகுதிப் பதிவும் 10 வருசம்தான், ஆனா மூலப் பதிவு அதுக்கு முன்னாடி முடிஞ்சா இதுவும் அதோட முடிஞ்சுரும். புதுப்பிச்சாச்சான்னு பாத்துக்கோங்க.

சத்தி, இயற்கை விவசாயக் குழு:
இயற்கைச் சான்றுலயும் இதே கதைதானுங்க, காகிதம் யாரு பேர்ல இருக்குதுங்கறதுதான்.

சான்று ரெண்டு வகை. பிஜிஎஸ்-னா விவசாயிகளே ஒருத்தருக்கொருத்தர் தர்ற சான்று: பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரங்க குறைஞ்சது 5 பேரு ஒரு குழு, ஒருத்தர் காட்டை இன்னொருத்தர் சோதிக்கறது. ரசாயனத்துல இருந்து இயற்கைக்கு மாறுற காலத்துல ‘பச்சை’, முடிஞ்சா ‘ஆர்கானிக்’. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும், ஏற்றுமதிக்கு எடுபடாது. ஏற்றுமதிக்கு என்பிஓபி, அதாவது வெளிச் சான்று நிறுவனம் வந்து ஆய்வு பண்ணித் தர்ற தேசியத் திட்டச் சான்று. ஒரு வருசப் பயிருக்கு 2 வருசம் மாறுகாலம். தனியா எடுத்தாச் செலவு கட்டாது, அதனால 25-ல இருந்து 500 பேரு வரைக்கும் குழுவா எடுக்கறாங்க.

வாங்கற கம்பெனியே சான்றுச் செலவை ஏத்துக்கறேன்னு வந்தா சந்தோசமாக் கையெழுத்துப் போடறோம். சான்று கம்பெனி பேர்ல வந்தா, நம்ம பேரு பின்னாடி இணைப்புப் பட்டியல்ல ஒரு வரிதான். விலை ஒத்துவரலைன்னு வெளிய வந்தா சான்று அவங்ககிட்டயே நின்னுரும். புதுச் சான்று நிறுவனம் பழைய ரெக்கார்டு கேக்கும், இல்லைன்னா மறுபடியும் முதல் வருசத்துல இருந்து ஆரம்பிக்கணும். அதுனால வருசா வருசம் இந்த மூணுக்கும் நகல் வாங்கிருங்க: சர்வே நம்பரோட உங்க பேரு இருக்கற இணைப்புப் பக்கம், குழுவோட உள் ஆய்வாளர் காட்டுக்கு வந்து எழுதுன அறிக்கை, இடுபொருள் டைரி. டைரியை ஆய்வுக்கு முந்தின நாள் ஒரே பேனாவுல உக்காந்து எழுதுனா ஆய்வாளர் முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சுருவாரு.

ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்து நேரா சாப்பிடறவங்களுக்கே விக்கற சின்ன விவசாயிக்குச் சான்று கட்டாயம் இல்லை. ஆனா ‘ஜைவிக் பாரத்’ங்கற அரசோட இயற்கை உணவு முத்திரை போடக்கூடாது. நிறையப் பேரு இந்த ரெண்டாவது வரியைப் படிக்கறதே இல்லை.

பெருந்துறை, மசாலா ஆய்வகத்தில் வேலை:
லேப் ரிப்போர்ட்டை வெச்சு விலை குறைக்கறாங்கன்னு புகார் வருது. பாதிச் சண்டை ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாததாலதான் வருது.

குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தர்ற பொருள்) 3.6 விழுக்காடுன்னு இருந்தா அது உலர் எடைக் கணக்கா, வந்த நிலையிலயான்னு பாருங்க. ஈரம் 10 விழுக்காடு இருக்கற சரக்குல உலர் எடைக்கு 3.6-னா, வந்த நிலையில 3.24 தான். நீங்க ஒண்ணைக் காட்டுவீங்க, அவரு இன்னொண்ணைக் காட்டுவாரு, ரெண்டும் சரியாத்தான் இருக்கும். அதே மாதிரி குர்குமினை அளக்கற ஸ்பெக்ட்ரோ முறையும் ஹெச்பிஎல்சி முறையும் ஒரே எண்ணைத் தராது. முறையோட பேரு இல்லாத ரிப்போர்ட்டை வாங்காதீங்க. லேபுக்கு என்ஏபிஎல்-ங்கற தேசிய அங்கீகாரம் இருந்தாலும், அந்த அங்கீகாரம் மஞ்சளுக்கும் நீங்க கேக்கற சோதனைக்கும் இருக்குதான்னு அதோட பட்டியல்ல பாக்கணும்.

மருந்து எச்சம் தெளிக்காத காட்டுலயும் வரும். வாடகை ஸ்பிரேயர் டேங்க், பக்கத்துக் காட்டுச் சாரல், விதைக்கிழங்கு நேர்த்தி, மருந்து மூட்டை ஏத்துன டெம்போ, பழைய சாக்கு. ஐரோப்பாவுல தனி வரம்பு வைக்காத மருந்துக்கெல்லாம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான், அழுக்குச் சாக்கே அதைத் தாண்ட வெச்சுரும். ஈயத்துக்கு நம்ம நாட்டு வரம்பு 10 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராம். பாலிஷ் டிரம்முல நிறத்துக்குத் தூவறது சுத்த மஞ்சத்தூளாவே இருக்கணும். கடையில வாங்குன ‘கலர்’னா ஈயம் இருக்கற லெட் குரோமேட் சாயமா இருக்கலாம், பழி விளைவிச்சவர் மேல வரும்.

கொடுமுடி, மஞ்சள் விவசாயி:
ஈரத்தைப் பத்தி ஒரு கணக்கு. 14 விழுக்காடு ஈரத்துல 100 கிலோ நிக்கற சரக்கை 10-க்குக் காயவெச்சா 95 கிலோ 556 கிராம்தான் தேறும். அந்த நாலரைக் கிலோவைப் பாத்துத்தான் சீக்கிரம் மூட்டை கட்டறாங்க, பின்னாடி குடோன்ல பூஞ்சை புடிச்சா அது உண்டாக்கற அஃப்ளாடாக்ஸின் விஷத்தால மொத்த லாட்டும் திரும்புது. முழு மஞ்சளுக்கு மேல்வரம்பு 12. விரலியை உடைச்சா ‘டக்’குனு சத்தம் வரணும், நடுவுல வளையக்கூடாது. தாய்க்கிழங்கையும் விரலியையும் ஒண்ணா வேகவெச்சா ரெண்டும் ஒரே பதத்துக்கு வராது, தனித்தனியா வேகவெச்சுக் காயவைக்கணும்.

இன்னொரு சந்தேகம். வேகவெச்சுக் காயவெச்சு வித்தா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் வேண்டாம்னு சொல்றாங்களே?

கோபி, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி கணக்காளர்:
உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 18(3) பிரிவு விவசாயியையும் விளைச்சலையும் வெளிய வெச்சிருக்கு. அரைச்சுப் பாக்கெட் போட்டா அன்னைக்கே நீங்க உணவு வணிகர். எஃப்எஸ்எஸ்ஏஐ தர்ற 14 இலக்க நம்பர் லேபிள்ல வந்தாகணும்.

பெருந்துறை, மசாலா ஆய்வகத்தில் வேலை:
மாதிரி எடுக்கறதைச் சொல்ல விட்டுட்டேன். 100 மூட்டைன்னா குறைஞ்சது 10 மூட்டையில இருந்து, மேல, நடு, அடின்னு மூணு இடத்துல எடுக்கணும். தார்ப்பாய்ல கொட்டிக் கலக்கி, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிட்டு மறுபடியும் கலக்கணும். அரைக் கிலோ அளவுக்கு வந்ததும் மூணு கவர்: வாங்கறவருக்கு, லேபுக்கு, உங்களுக்கு. மூணுலயும் லாட் நம்பர், தேதி, ரெண்டு பேரு கையெழுத்து, அரக்கு சீல். உங்க கவரைப் பணம் வர்ற வரைக்கும் பிரிக்காதீங்க. பிரிச்ச கவர் எதிர்ச் சோதனைக்கு எடுபடாது.