மறு: ‘சிங்கிள் டில்’ – ‘ஒற்றைக் கணக்கு’ வேண்டாம், ‘ஒற்றைக் கல்லா’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமான நிலையக் கட்டணச் சொற்பட்டியலில் ‘சிங்கிள் டில்’, ‘டூயல் டில்’ இரண்டு மட்டும் இன்னும் முடிவாகாமல் இழுக்கின்றன. விமான நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணத்தின் வரம்பைக் கணக்கிடும்போது நிலையத்தின் கடை வருவாயையும் சேர்ப்பதா, தனியே விடுவதா என்பதைச் சொல்லும் சொற்கள் இவை. ‘ஒற்றைக் கணக்கு முறை’, ‘இரட்டைக் கணக்கு முறை’ என்றே முடித்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு நிலையத்தில் ஓடுபாதை, முனையம், பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் ஆண்டுச் செலவு, முதலீட்டுக்கான நியாயமான லாபத்தையும் சேர்த்து, 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை, வாகன நிறுத்தம், விளம்பரப் பலகை இவற்றில் வருவது 40. அவற்றுக்கு ஆகும் செலவு 10. சிங்கிள் டில்லில் மொத்தச் செலவு 80-இலிருந்து அந்த 40-ஐக் கழித்துவிடுவார்கள். மிச்சம் 40-ஐ மட்டுமே விமான நிறுவனங்களிடம் வாங்கலாம். டூயல் டில்லில் கடைப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. 70-ஐயும் விமான நிறுவனங்கள் கொடுக்க வேண்டும். கடைகளில் மிஞ்சும் 30 நிலையத்தை நடத்துபவருக்குப் போகும். அதே ஓடுபாதை, அதே முனையம், ஆனால் கட்டணம் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இப்போது ‘கணக்கு’ ஏன் சரிப்படாது என்று பாருங்கள். சிங்கிள் டில் முறையிலும் கடை வருவாய்க்கும் விமான வருவாய்க்கும் தனித்தனியாகத்தான் கணக்கு எழுதுகிறார்கள். கட்டண வரம்பைத் தீர்மானிக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான் இரண்டும் ஒன்றுசேர்கின்றன. ‘ஒற்றைக் கணக்கு’ என்று படிப்பவர் ஒரே பேரேடு என்று நேர்ப்பொருளாகவே எடுத்துக்கொள்வார். ‘கல்லா’ என்றால் அது உருவகம் என்று கேட்டவுடனே புரியும். எந்தப் பக்கம் விற்றாலும் காசு வந்து விழும் இழுப்பறை ஒன்றா, இரண்டா என்பதுதானே கேள்வி? ஆங்கிலத்தில் இருப்பதும் அதே கடைச்சொல்தான். அந்தச் சொல்லை அங்கே சட்டம் படித்தவர்கள் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள்.

> ‘கல்லா கட்டுவது’ என்ற வழக்கால் இந்தச் சொல்லுக்கு ஒரு மட்டமான தொனி இருக்கிறது. ஆணைய உத்தரவில் எப்படி எழுதுவது?

ஐயா, இது நியாயமான தடைதான். நானும் இதை நெடுநேரம் யோசித்தேன். அந்தத் தொனி ‘கட்டு’ என்ற வினையோடு சேரும்போதுதான் வருகிறது. ‘கல்லாவில் உட்கார்ந்திருந்தார்’ என்பதில் ஒரு குறையும் இல்லை. ‘ஒற்றைக் கல்லா முறை’ என்று ‘முறை’ சேர்த்துவிட்டால் கேலி ஒட்டாது.

> கல்லா என்றால் ‘கற்காத’ என்றும் பொருள்படும். போதாததற்கு அது உருதுச் சொல்.

‘கல்லா மாந்தர்’ என்பதில் அது பெயரெச்சம், பின்னால் ஒரு பெயர் வந்தாக வேண்டும். நம்முடையது பெயர்ச்சொல், வேற்றுமை உருபு ஏற்கும்: கல்லாவை, கல்லாவுக்கு, கல்லாவில். குழப்பம் வராது. வெறும் ‘கல்லா முறை’ என்று மட்டும் எழுத வேண்டாம், முன்னால் ‘ஒற்றை’யோ ‘இரட்டை’யோ இருக்கட்டும். உருது வழியாக வந்தது என்பது உண்மை. வசூல், பாக்கி, ரசீது எல்லாம் அப்படி வந்தவைதானே அம்மா? நம் கடைகளில் இத்தனை காலம் புழங்கிய சொல்லை வெளியாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் வைத்துப் பார்த்தேன். பிரிட்டனின் சிவில் விமான ஆணையம் அங்கே இரட்டைக் கல்லாவுக்கு மாறலாம் என்று முன்மொழிந்தது. நெரிசலான நிலையத்தில் ஓடுபாதை நேரம் அரிய பொருள். கடை வருவாய் ஏறஏற அதன் விலை இறங்குவது தலைகீழ் என்பது ஆணையத்தின் வாதம். கடைக்கு ஆள் வருவதே நாங்கள் அழைத்து வருவதால்தான் என்பது விமான நிறுவனங்களின் வாதம். 2002-இல், வணிகப் போட்டி விவகாரங்களைப் பார்க்கும் பிரிட்டனின் போட்டி ஆணையம் ஒற்றைக் கல்லாவே தொடரட்டும் என்றது. 2003-இல் அப்படியே முடிவானது. இதே பத்தியில் ‘கணக்கு’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஏதோ தணிக்கையாளர்கள் போட்ட சண்டை போல ஆகிவிடுகிறது.

‘ஹைப்ரிட் டில்’லுக்கு ‘கலப்புக் கல்லா’ என்று நானே முன்பு எழுதியிருந்தேன். இப்போது அதை மாற்றிக்கொள்கிறேன். கடை வருவாயில் ஒரு பங்கை மட்டும் கட்டணக் கணக்குக்குக் கொண்டுவருவதுதான் அந்த முறை. இந்தியாவின் 2016 சிவில் விமானக் கொள்கையில் அந்தப் பங்கு 30 விழுக்காடு. மேலே சொன்ன கணக்கில் கடை வருவாய் 40-இல் அந்தப் பங்கு 12; அது 70-இலிருந்து கழிந்து கட்டணம் 58 ஆகும். 2006-இல் டெல்லி, மும்பை நிலையங்களுக்குப் போட்ட ஒப்பந்தங்களில் இதே ஏற்பாட்டுக்கு ‘ஷேர்டு டில்’ என்று பெயர். ஆக ‘பகிர்வுக் கல்லா’ என்பதே பொருளைச் சொல்கிறது. கலப்பு என்றால் கலப்படம்தான் நினைவுக்கு வரும்.

மற்றவற்றில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, இரண்டைத் தவிர. ‘பிரைஸ் கேப்’ என்பதை ‘பயணிக் கட்டணம்’ என்று போடாதீர்கள். 2023 மார்ச்சில் ஹீத்ரோவுக்கு அறிவித்த வரம்பு, பயணி ஒருவருக்கு 2023-இல் 31.57 பவுண்டு, 2024-இல் 25.43 பவுண்டு. எந்தப் பயணியும் அந்தத் தொகையை எண்ணிக் கொடுப்பதில்லை. விமான நிறுவனங்களிடம் வாங்கும் தரையிறங்கு கட்டணம், நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்து சராசரியாக அதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ‘சராசரிக் கட்டண உச்சவரம்பு’ நீளம்தான், ஆனால் சரியானது.

அப்புறம் ‘ரிபேட்’. பாதுகாப்புச் சோதனை வரிசை நீண்டாலோ மின்தூக்கி ஓடாமல் நின்றாலோ, குறித்த தரத்துக்குக் கீழே போன மாதத்துக்கு நிலையம் விமான நிறுவனங்களுக்குப் பணம் திருப்பித் தருகிறது. இதைத் ‘தள்ளுபடி’ என்று எழுதினால் நிலையம் சலுகை வழங்குவதாக அர்த்தம் வந்துவிடும். ‘அபராதம்’ என்றால் அரசுக்குப் போவதாகத் தோன்றும். ‘சேவைத்தர மீளளிப்பு’ என்று வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. பணப்பெட்டி என்ற பொருளில் ‘கல்லா’ இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு உடனே பிடிபடுமா? அங்கிருந்து இந்த இழையைப் படிப்பவர்கள், உங்கள் ஊர்க் கடையில் அந்த இழுப்பறையை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பட்டியலை மூடும் முன் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.