லோ ஃபாட்மேப்ல பாப்கார்ன்: உங்க அனுபவம் என்ன?

செந்தூல்காரி:
லோ ஃபாட்மேப்னா, குடல்ல சரியா உறிஞ்சாம வாயு, உப்புசம் தர்ற சில சர்க்கரை வகைகள (ஃபாட்மேப்) கொறைக்கற டயட். இதுல இருக்கறவங்களுக்குத் தெரியும், கச்சாங் பூத்தே போச்சு, முறுக்கு போச்சு, சாயங்காலம் ஆபீஸ்ல வாயில போட ஒண்ணும் கெடையாது. சாப்பாட்டுல ஃபாட்மேப் எவ்ளோன்னு சொல்ற மோனாஷ் யூனிவர்சிட்டி ஆப்ல பாப்கார்னுக்கு பச்சை, அதாவது கம்மின்னு பாத்ததும் உயிரே வந்துச்சு. (சன்வே கேம்பஸ் இல்ல, மெல்பர்ன்ல இருக்கற டீம் டெஸ்ட் பண்றது.) அன்னைக்கு தங்கச்சியோட கேஎல்ல படத்துக்கு போனேன், கவுண்டர்ல 'உப்பு மட்டும் போடுங்க, வேற ஒண்ணும் வேணாம்'னு தெளிவா சொல்றேன், அந்தப் பையன் தலையாட்டிக்கிட்டே மஞ்சக் கலர் மசாலா பவுடர பக்கெட் மேல தூவி மூடிய அமுக்கிப் பிடிச்சு குலுக்கறான். டப்பாவ வாங்கிப் படிச்சா வெங்காயப் பவுடர், பூண்டுப் பவுடர், பால் பவுடர். மாத்திக் குடுன்னா 'கொஞ்சம்தானே கா'ங்கறான். அந்த கொஞ்சத்துலதான ஃப்ரக்டன் இருக்கு, வெங்காயம் பூண்டுல இருக்கற ஃபாட்மேப்! அலர்ஜின்னா பயப்படறாங்க, வயிறு உப்பும்னா சிரிக்கறாங்க, அதான் இன்னும் மனசு ஆறல.

பட்டர்வொர்த் பையன்:
அக்கா, பவுடர் மட்டும் காரணம்னு சொல்லாதீங்க. எனக்கு வெறும் உப்பு போட்டதுக்கே வந்துச்சு. நைட் ஷிப்ட் பிரேக்ல பெரிய பாக்கெட் முழுசா சாப்ட்டேன், விடிகாலைல மெஷின் பக்கத்துல நிக்க முடியல, வயிறு கல்லு மாதிரி, சூப்பர்வைசர் முன்னாடியே பெல்ட்ட கழட்டிட்டேன். ஃபாட்மேப் கம்மிதான், ஆனா நார்ச்சத்து ஜாஸ்தி, பல்லுல மாட்டுற அந்தத் தோல் இருக்கே அது செரிக்கவே செரிக்காது. பச்சைன்னா எவ்ளோ வேணா சாப்டலாம்னு அர்த்தம் இல்ல.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, அதுக்காக பாப்கார்ன குறை சொல்லாதப்பா, அளவத்தான் சொல்லணும். எனக்கு பாசார் மாலாம்ல வாங்குன கப் ஜாகோங்தான் (கப்ல தர்ற ஸ்வீட் கார்ன்) ஆகல, ராத்திரி பூரா புரண்டேன், ஆனா பாப்கார்ன் ஒண்ணும் பண்றதில்ல. ஸ்வீட் கார்ன்ல சார்பிட்டால்ங்கற ஃபாட்மேப் இருக்கு, அளவு கூடுனா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒத்துக்காது. பாப்கார்ன் வேற ரகம், முத்திக் காஞ்ச சோளம். செந்தூல் தங்கச்சி, வீட்லயே பொரிச்சுக்கோம்மா, அடிகனமான சட்டியில எண்ணெய் ஊத்தி சோளத்தப் போட்டு மூடி ஆட்டிக்கிட்டே இரு, வெடிக்கற சத்தம் கொறஞ்சதும் எறக்கு, உப்பும் மஞ்சத்தூளும் போதும். பூண்டு வாசம் வேணும்னா முழுப் பல்ல எண்ணெய்ல வதக்கி பல்ல எடுத்து வீசிடு, ஃப்ரக்டன் தண்ணியில கரையும், எண்ணெய்ல கரையாது. ஆனா அந்த எண்ணெய்ய அன்னைக்கே தீத்துடணும், வெளில வச்சா கிருமி வளரும். கேரமல் வாங்குனா தேன், ஃப்ரக்டோஸ் சிரப் இருக்கான்னு பாரு. இன்னொன்னு, கண்டிப்பா ஒதுக்கறது 2லருந்து 6 வாரந்தான், அப்புறம் டயட்டீஷியன வச்சு ஒவ்வொண்ணா சேத்துப் பாக்கணும், வருஷக்கணக்கா பூண்டே தொடாம இருக்காங்க சில பேரு, அது தப்பு.

செந்தூல்காரி:
எண்ணெய் விஷயம் நல்லாருக்கு கா, நன்றி. ஆனா நான் கேக்கறது ரெசிபி இல்ல. கேஎல்ல எந்த தியேட்டர்ல பவுடர் போடாம குடுக்கறாங்க, யாருக்காச்சும் தெரியுமா? தீபாவளிப் படத்துக்கு வீட்ல எல்லாரும் போறோம்.