கல்லூரி ஊரில் மாணவர் வீடுகளுக்கு நடுவே குடும்பத்துக்கு வீடு: வாங்கலாமா?

மேல்மாடி:
வணக்கம். பல்கலைக்கழகத்தை நம்பியே ஓடுகிற ஊர் எங்களுடையது. எனக்கும் மனைவிக்கும் இங்கேதான் வேலை. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள், சின்னவன் இன்னும் ராத்திரியில் எழுந்து அழுகிற வயது. நல்ல தோட்டத்தோடு ஒரு வீடு எங்கள் கைக்கு எட்டும் விலையில் வந்திருக்கிறது. இடது பக்கம் வயதான தம்பதி. வலது பக்கம் மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு. எதிரே மாணவர்களுக்கென்றே கட்டிய நாலு மாடி விடுதி. இதே அளவு வீடு வேறு தெருவில் எங்களால் வாங்க முடியாது. இருவருக்கும் வீடு பிடித்துவிட்டது, ஆனால் முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

திண்ணை:
வேண்டாம் தம்பி. விலை ஏன் குறைவு என்பதற்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

சத்தம் என்றதும் எல்லோரும் பார்ட்டியைத்தான் நினைக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. எப்போதாவது நடக்கும், புகார் செய்தால் நிற்கும். வேலை நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கார் வந்து நிற்கும் பாருங்கள், அதுதான் தொல்லை. நாலு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தும் சத்தம். ஒருவன் சாவியைத் தேடுவான், இன்னொருவன் போன் வெளிச்சம் காட்டுவான், மூன்றாமவன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். மொத்தமே ஐந்து நிமிடம்தான். அதற்குள் உங்கள் சின்னவன் எழுந்துவிடுவான், அவனை மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம். இதற்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? அந்தப் பையன்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லையே.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவு நேரச் சத்தம் வீட்டுக்கு வெளியே 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதுவும் ஆண்டுச் சராசரிதான். உங்கள் பிள்ளை சராசரிக்கு எழுந்திருக்க மாட்டான், அந்த ஒரு கதவுச் சத்தத்துக்குத்தான் எழுவான்.

நிழற்சாலை:
திண்ணை ஐயா சொல்லும் ராத்திரிகள் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட தெருவில்தான் நான் என் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து கிளம்பும் எண்ணம் துளியும் இல்லை.

முதலில், எதிரே உள்ள விடுதியையும் வலது பக்க வீட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். விடுதி என்றால் ஒரு மேலாளர் இருப்பார், விதிகள் இருக்கும், ராத்திரியில் கூப்பிட ஓர் எண் இருக்கும். அப்படி விடுதிகள் கூடக் கூட, தனி வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கும் மாணவர்களும் குறைய வாய்ப்பு உண்டு. கவலைப்பட வேண்டியது வலது பக்க வீட்டைப் பற்றித்தான். அதிலும் அங்கே இருக்கும் பிள்ளைகளைவிட அதன் உரிமையாளரைப் பற்றி விசாரியுங்கள். மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள், அவர் மாறமாட்டார். எங்கள் பக்கத்து வீட்டு உரிமையாளர் இதே ஊர்க்காரர். ஒவ்வொரு முறை புது ஆட்கள் வரும்போதும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து அறிமுகம் செய்துவைப்பார். கையில் குழந்தையோடு நிற்கிறவரை நேரில் பார்த்துப் பேசிய பிறகு, பத்தொன்பது வயதுப் பிள்ளை பாட்டைக் குறைத்துத்தான் வைக்கிறான்.

அப்புறம், நடக்கும் தூரத்தில் நூலகம், மைதானம், அரங்கம். ராத்திரி வெகுநேரம் வரை பேருந்து. விடுமுறை மாதங்களில் தெருவே எங்கள் பிள்ளைகளுக்குத்தான். ஊருக்கு வெளியே பெரிய வீடு வாங்கி, போகவர ஆகும் நேரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குவழக்கு:
இருவரும் இன்றைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீட்டை விற்கும் நாளை யாரும் யோசிக்கவில்லை.

மாணவர்கள் நிறைந்த தெருவில் அடுத்து வாங்க வருபவர் பெரும்பாலும் முதலீட்டாளராகத்தான் இருப்பார். அவர் எண்ணுவது படுக்கையறைகளை. நீங்கள் ஆசைப்படும் தோட்டம் அவருக்குக் கார் நிறுத்தும் இடம். தோட்டத்துக்காக இன்று நீங்கள் கொடுக்கும் பணம் அன்று திரும்பி வராது.

அந்த முதலீட்டாளரும் எப்போதும் இருப்பார் என்று நம்ப முடியாது. இங்கிலாந்தில், உறவினர் அல்லாத மூன்று முதல் ஆறு பேர் சேர்ந்து தங்கும் வீடுகளை 2010இல் தனி வகையாகப் பிரித்தார்கள். குடும்ப வீட்டை அந்த வகைக்கு மாற்றத் திட்ட அனுமதி வேண்டும் என்று உள்ளாட்சி விரும்பினால் விதி போடலாம். லீட்ஸ், நாட்டிங்ஹாம் போன்ற ஊர்களில் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சுற்றிலும் மாணவர் வீடுகள், நடுவில் ஒரே ஒரு குடும்ப வீடு என்றால் அதன் கதி என்ன? குடும்பங்கள் வாங்க வராது, முதலீட்டாளருக்கு அனுமதி கிடைக்காது. விற்க வழி இல்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

2020இல் கல்லூரிகள் இணைய வகுப்புக்கு மாறியபோது மாணவர்கள் கிளம்பிப் போய் ஊர்கள் வெறிச்சோடியதையும் பார்த்தோம். "எப்படியும் வாடகைக்கு விட்டுவிடலாம்" என்ற தைரியத்தில் மட்டும் வாங்காதீர்கள்.

திண்ணை:
அதேதான். தெரு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் நிற்காது. ஒரு குடும்பம் கிளம்பும், அந்த வீட்டுக்கு மாணவர்கள் வருவார்கள், அதைப் பார்த்து அடுத்த குடும்பம் கிளம்பும். லீட்ஸின் ஹெடிங்லி பகுதியில் இது நடந்தது. மாணவர்கள் பெருகிப் பிள்ளைகள் குறைந்தார்கள். மூடப்பட்ட தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் இன்று சமுதாய மையம் நடக்கிறது. மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளோடு விளையாட அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? ஒரு வீட்டில் எத்தனை மாணவர் தங்கலாம் என்று உங்கள் நகராட்சி வரம்பு வைத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நிழற்சாலை:
இந்த வரம்பு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது ஐயா. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் பெல் டெர் என்ற சிறிய கிராமம். பக்கத்திலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை எடுத்துத் தங்கினார்கள். உறவினர் அல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து தங்கக்கூடாது என்று கிராமம் விதி வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1974இல் கிராமத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அந்த ஆறு பேரும் சத்தம் போட்டார்களா, குப்பை கொட்டினார்களா என்பதல்ல வழக்கு. அவர்கள் ஒரு குடும்பம் இல்லை, அவ்வளவுதான். நாளை என் மகளும் வேறு ஊரில் இப்படித்தான் நாலு பேரோடு ஒரு வீட்டில் தங்கிப் படிப்பாள். அவள் குடியிருப்பதையே தப்பு என்று சொல்லும் விதியை நான் எப்படி ஆதரிப்பேன்?

விதியை நம்பி வீடு வாங்கவும் கூடாது. அயோவா மாநிலத்தில் நகராட்சிகள் இப்படி உறவை வைத்து வரம்பு போடக்கூடாது என்று 2017இல் சட்டமே கொண்டுவந்தார்கள். இன்று இருக்கும் விதி உங்கள் கடன் தவணை முடிவதற்குள் காணாமல் போகலாம்.

திண்ணை:
உங்கள் மகள் தங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை அம்மா, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் ஒரு தெருவில் அப்படி எத்தனை வீடுகள் என்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? ராத்திரி தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறவனும் மனிதன்தானே. உங்களுக்கு நல்ல உரிமையாளர் வாய்த்தார். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, மாதம் பிறந்தால் வாடகை வந்ததா என்று மட்டும் பார்க்கிறவர் வாய்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பீர்களா?

நிழற்சாலை:
எழுதியிருக்க மாட்டேன். அதனால்தான் முதலிலேயே உரிமையாளரை விசாரிக்கச் சொன்னேன்.

கணக்குவழக்கு:
மேல்மாடி, நீங்கள் செய்ய வேண்டிய சில காரியங்கள். புரோக்கர் உங்களை விடுமுறையில், பகலில் கூட்டிக்கொண்டு போயிருப்பார். செமஸ்டர் தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை ராத்திரி தனியாகப் போய்த் தெருவில் நில்லுங்கள். வாடகை ஒப்பந்தங்கள் மாறும் வாரத்திலும் ஒருமுறை போங்கள். பாஸ்டனில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பர் 1 அன்றுதான் மாறும். ஆல்ஸ்டன் பகுதித் தெருவோரமெல்லாம் அன்று மெத்தையும் சோபாவும் குவியும். உங்கள் ஊரில் அது எந்த வாரம், குப்பையை யார் அள்ளுகிறார்கள் என்று கேளுங்கள்.

படுக்கையறை எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே குறைக்கும். பாட்டின் அடித்தொனி சுவர் வழியாக வரும், அதைக் கண்ணாடி தடுக்காது. சின்னவனுக்குப் பின்பக்க அறை கிடைக்குமா என்பது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம்.

எல்லாவற்றையும்விட, அந்த இடது பக்கத் தம்பதி எவ்வளவு காலம் அங்கே இருப்பார்கள்? வலது பக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியும், விலையிலும் கழித்தாயிற்று. இடது பக்கம்தான் தெரியாது.

மேல்மாடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அந்தத் தம்பதியைப் போய்ப் பார்த்தோம். நன்றாகப் பேசினார்கள். மாணவர்களால் பெரிய தொல்லை இல்லை, கார் நிறுத்தத்தான் இடம் கிடைப்பதில்லை என்றார்கள். ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லையாம், மகளோடு போய் இருக்கப் போகிறார்களாம். வீட்டை விற்பார்களா, வாடகைக்கு விடுவார்களா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திண்ணை:
அப்படியானால் விட்டுவிடுங்கள் தம்பி. இரண்டு பக்கமும் மாணவர், எதிரேயும் மாணவர். பின்பக்க அறை எவ்வளவுதான் காப்பாற்றும்?

நிழற்சாலை:
அவசரப்படாதீர்கள். அந்த வீட்டை வேறொரு குடும்பம் வாங்கினால் நிலைமையே வேறு. உங்களைப் போலவே விலைக்குத் தவிக்கும் சகப் பணியாளர் யாராவது இருப்பார்களே? அவர்களிடம் சொல்லி அந்தத் தம்பதியோடு பேசவையுங்கள். குடும்பத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விரும்பும் வயதானவர்கள் நிறையப் பேர்.

கணக்குவழக்கு:
விருப்பம் ஒன்று, பத்திரத்தில் கையெழுத்து ஒன்று. முதலீட்டாளர் கூடுதலாகக் கொடுத்தால் மகள் என்ன சொல்வாள் என்பதையும் யோசியுங்கள். நிழற்சாலை சொல்வது நடந்தால் நானும் வாங்கச் சொல்வேன். நடக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

மேல்மாடி:
என் துறையிலேயே ஒருவர் வீடு தேடிக்கொண்டிருக்கிறார், அவருக்கும் சின்னப் பிள்ளைகள்தான். இன்று பேசுகிறேன். வலது பக்க வீட்டு உரிமையாளரின் எண்ணும் கிடைத்துவிட்டது. இரண்டிலும் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்கப் போவதில்லை. அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் வாங்கட்டும் என்று மனைவியும் சொல்லிவிட்டாள்.