என் நாவலை நான்தான் எழுதினேன் என்று எப்படி நிரூபிப்பது?

நான் சொந்தமாக வெளியிட்ட நாவலின் மின்னூலை, ‘செயற்கை நுண்ணறிவு எழுதியது’ என்று சொல்லி விற்பனைத் தளம் சென்ற மாதம் நீக்கிவிட்டது. வரி வரியாக நான் எழுதிய கதை அது. எழுத்துப்பிழை பார்க்கக்கூட ஏஐ-யிடம் கொடுத்ததில்லை. ஜனவரியில் வெளியானது. என் பழைய நூல்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

மேல்முறையீடு செய்தால் ஒரே மாதிரித் தானியங்கி பதில்தான் வருகிறது. கூகுள் டாக்ஸின் திருத்த வரலாறு, கையெழுத்துப் பக்கங்களின் படங்கள் எல்லாம் அனுப்பியாயிற்று. ஏஐ எழுத்தைக் கண்டறியும் கருவிகளில் போட்டால் ஒன்று மனித எழுத்து என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்தியது. அதையும் எழுதினேன், அசையவில்லை.

இப்படி நீக்கப்பட்ட நூலை மீட்டவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: எந்த ஆதாரத்தை ஏற்றுக்கொண்டார்கள்?