பயோற்றின் குறைபாடா, பயோற்றின் மீட்புக் குறைபாடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிறவி நோய்கள் பற்றித் தாய்மாருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். பயோற்றின் ஒரு விற்றமின்; அதைக் கையாளும் பயோற்றினிடேசு என்ற நொதியம் வேலை செய்யாத நோய்க்குப் "பயோற்றின் குறைபாடு" என்று பெயர் போட்டு, கல்லடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முடிக்க முதலே கேட்டார்: "அப்ப தாய் சரியாத் தின்னாததாலயா பிள்ளைக்கு இது வாற?"

அந்தப் பெயரை அப்போதே வெட்டிவிட்டேன்.

உண்மையான பயோற்றின் குறைபாடு வேறு. பச்சை முட்டை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின், பயோற்றினைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. நீண்ட நாள், நிறையக் குடித்தால்தான் அது வரும். (பெரியபிள்ளையானவளுக்குச் சில நாள் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கிற நம் வழக்கத்தால் வராது.)

இந்த நோயில் சாப்பாட்டில் பிழையே இல்லை. பயோற்றின் நம் உடலில் ஐந்து நொதியங்களோடு பிணைந்து வேலை செய்கிறது. அவை சிதையும்போது அதைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தக் கொடுப்பது பயோற்றினிடேசு. விதைப்புக்கு ஈடு வைத்த காப்பை வெள்ளாமை வெட்டி மீட்டு, அடுத்த போகத்துக்குத் திரும்ப வைக்கிறோமே, அதே கணக்கு. மீட்க ஆளில்லாவிட்டால் பிணைந்த பயோற்றின் சிறுநீரோடு போய்விடும். ஆகவே "பயோற்றின் மீட்பு நொதியக் குறைபாடு" என்று முன்மொழிகிறேன்.

காரைதீவிலிருந்து பதில்:

தங்கச்சி, உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் ஒரு தடை. அந்த நொதியம் செய்வது வெட்டு வேலை. லைசீன் என்ற அமினோ அமிலத்தோடு பயோற்றின் ஒட்டிய பயோசைற்றினைப் பயோற்றின் வேறு, லைசீன் வேறு என்று பிரிக்கிறது. "விடுவிப்பு" இன்னும் கிட்ட வரும். பயோற்றினைக் கொண்டுபோய் ஒட்டுகிற நொதியம் பழுதாகிற நோயும் இருக்கிறது. அதைப் "பிணைப்பு நொதியக் குறைபாடு" என்றால் இரண்டும் சோடியாக நிற்கும்.

இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வருகிற நோய் இது; அதைப் "பின்னிடைவு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். தாயும் தகப்பனும் காவிகளாயிருந்தால் (தமக்கு நோயில்லாமல் ஒரு பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள்) ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. நம் பக்கத்தில் "குடி (தாய்வழிக் குலம்) வேறுதானே" என்று மச்சானுக்கு மச்சாளைக் கட்டி வைக்கிறோம். குடி வேறானாலும் ஒரு பக்கத்துப் பாட்டனும் பாட்டியும் இருவருக்கும் ஒன்றுதான். அதையும் எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து:

சேர், பிணைப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், குடிச் செய்தியையும். விடுவிப்புக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அதில் போவது கேட்கிறது, திரும்பி வருவது கேட்கவில்லை. மருந்தும் அந்த இழப்பைத்தானே ஈடுகட்டுகிறது: நாளுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை, பிணையாத பயோற்றின், வாயால். வலிப்பும் தோல் அழற்சியும் முடி கொட்டுவதும் அதில் மாறும். போன கேட்கும் திறனும் பார்வையும் பெரும்பாலும் திரும்பா. அதனால்தான் அறிகுறி காட்ட முதலே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம்.

மாணவருக்குப் பயோற்றினிடேசு, தாய்மாருக்கு மீட்பு நொதியம் என்று வைத்துக்கொள்வோமா?

புதிய வரைவை நேற்று அதே பெண்ணுக்கு வாசித்தேன். "இந்த மருந்து எத்தின நாளைக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார். "வாழ்நாள் முழுக்க" என்ற வரியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற் பக்கத்துக்குக் கொண்டு வருகிறேன்.