இடைக்காலத்தில் யூத மதம் ஆளும் மதமாகியிருந்தால்? கதையை எங்கே திருப்புவது?

கேள்வி: கற்பனைக்குதிரை

கொஞ்ச நாளாக ஒரு மாற்று வரலாற்றுக் கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கி.பி. 1200 வாக்கில் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே, முடிந்தால் அதற்கு அப்பாலும், யூத மதம்தான் ஆளும் மதம். தேவாலயமும் மசூதியும் உண்டு, ஆனால் அவர்கள்தான் சிறுபான்மை. தொடக்கத்துக்கு, அரசர்களே யூத மதத்துக்கு மாறிய துருக்கிய இனமான கசார்களின் பேரரசை எடுத்துக்கொண்டேன். 965 வாக்கில் கீவ் இளவரசன் ஸ்வியாதஸ்லாவ் வந்து சார்கெல் கோட்டையைப் பிடித்து அரசையே உடைத்துப் போட்டான் இல்லையா, என் கதையில் அவன் தோற்று ஓடுகிறான். மாற்றம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று அத்தியாயம் எழுதிவிட்டேன், ஆனால் என் ஜனங்கள் எதற்காக யூதர்களாக இருக்கிறார்கள் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கே இடிக்கிறது? கசார்களை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாமா?

பதில்: புல்வெளிவாசி

இடிக்கிற இடம் 965 தான். அந்தப் போரில் நீங்கள் காப்பாற்றுவது அரண்மனையை, மதத்தை அல்ல.

கசார்களில் மதம் மாறியது மேல்தட்டு: பெயரளவில் பேரரசனான ககனும், நிஜமாக ஆட்சியைக் கையில் வைத்திருந்த பெக்கும், அவர்களைச் சுற்றியிருந்த பிரபுக்களும். அரபு வரலாற்றாசிரியர் அல்-மசூதி 10ஆம் நூற்றாண்டில் எழுதியதைப் படித்தால் தெரியும். தலைநகர் இத்திலில் ஏழு நீதிபதிகள். முஸ்லிம்களுக்கு இரண்டு பேர், யூத வேதமான தோராப்படி தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர், கிறிஸ்தவர்களுக்கு இரண்டு பேர், ரூஸ், ஸ்லாவியர் போன்ற மற்றவர்களுக்கு ஒருவர். அதைவிட வேடிக்கை, அரசனின் படையில் முதுகெலும்பே முஸ்லிம் வீரர்கள், சுமார் 7000 பேர். முஸ்லிம்கள் மேல் படையெடுத்தால் நாங்கள் வரமாட்டோம் என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுச் சேர்ந்தவர்கள்! யூத அரசனுக்கு இப்படி ஒரு படை.

சாதாரண ஜனங்கள் ஏன் மாறவில்லை என்று கேட்டால் நான் முதலில் சமையல் பக்கம்தான் பார்ப்பேன். புல்வெளி மனிதனுக்குக் குதிரை வெறும் வாகனம் இல்லை, சாப்பாடும் அதுதான். குதிரை இறைச்சி, புளிக்கவைத்த குதிரைப்பால் கூமிஸ். தோராவின்படி அசைபோடுகிற, குளம்பு பிளந்த விலங்குதான் ஆகும். குதிரை இரண்டிலும் தேறாது. ஆகாத விலங்கின் பாலும் ஆகாது. ஆக ஒரு மேய்ப்பனிடம் போய் ‘யூதனாகு’ என்றால், உன் கூடாரத்து வாசலில் தொங்குகிற தோல்பையை முதலில் கீழே கொட்டு என்று அர்த்தம். அரண்மனையில் இருப்பவனுக்கு ஆடு கிடைக்கும், மாடு கிடைக்கும். இவன் என்ன செய்வான்?

உங்கள் கதை நிற்க வேண்டுமானால் சுமார் 130 வருஷம் பின்னால் போங்கள். 837-38இல் அரபுக் காசைப் போலவே அச்சடித்த ஒரு கசார் வெள்ளிக்காசு இருக்கிறது, அதில் ‘மூசா அல்லாஹ்வின் தூதர்’ என்று அரபியில் பொறித்திருக்கிறது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1999இல் தோண்டியெடுத்த புதையலில் அப்படி ஒன்று கிடைத்தது. மதத்தைக் காசில் போடுகிற அளவுக்கு அப்போது ஒருவருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. நானாக இருந்தால் அந்த ஆளைத்தான் கதாநாயகன் ஆக்குவேன்.

பதில்: தென்கடல்

கசார் கசார் என்றே எல்லாரும் போகிறீர்கள், ஹிம்யாரை யாரும் தொடுவதில்லை. இன்றைய யெமன். 380 வாக்கிலேயே அந்த அரசர்கள் பழைய தெய்வங்களைக் கல்வெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு ‘ரஹ்மானான்’ என்று ஒரே கடவுள்தான். முழு யூதமா, யூதச் சாயலா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் கடைசி பெரிய அரசன் யூசுப், தூ நுவாஸ் என்று அரபு நூல்கள் சொல்கிற ஆள், சந்தேகமே இல்லாமல் யூதன். இங்கே மேய்ச்சல் கூட்டம் இல்லை. படிக்கட்டு வயல், சாம்பிராணி வியாபாரம், ஊர், கோட்டை. உணவுச் சட்டம் இடிக்காத சமூகம்.

கெட்டது நஜ்ரான் என்ற ஊரில். 523இல் யூசுப் அங்கே கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தான். அந்தச் செய்தி கடல் தாண்டிப் போனது, கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் ஆதரவு தந்தது, 525இல் எத்தியோப்பியப் பக்கத்து அக்சூமின் கிறிஸ்தவ அரசன் காலேப் செங்கடலைக் கடந்து வந்து முடித்துவைத்தான். யூசுப் குதிரையோடு கடலுக்குள் இறங்கிவிட்டான் என்று ஒரு கதை உண்டு, அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் திருத்தம் இதுதான்: நஜ்ரானில் கைவைக்காத யூசுப், அல்லது அவனை அடக்கிவைக்கத் தெரிந்த ஓர் அமைச்சர். ஆனால் எச்சரிக்கை, இதைத் தொட்டால் 7ஆம் நூற்றாண்டு அரேபியா முழுக்க மாறும், கசார்கள் மேல் படையெடுத்த அரபுப் படையே இருக்காது, கதை உங்கள் கையை விட்டுப் போகும்.

பதில்: ஓரக்குறிப்பு

இருவர் சொன்னதும் சரி, ஆனால் யார் ஜெயித்தால் என்ன என்பதைவிட ஜெயித்த பிறகு மதம் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. நமக்குத் தெரிந்த ரபி யூதம், அதாவது ரபிகள் என்ற மத அறிஞர்கள் வழிநடத்திய யூதம், அடுத்தவன் ஆட்சியில் வாழக் கற்றுக்கொண்ட மதம். 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் சாமுவேல் என்ற ரபி ஒரு விதி சொன்னார், ‘தீனா தெமல்குத்தா தீனா’, நாட்டுச் சட்டமும் சட்டமே. வரி கட்டு, அரசன் பத்திரத்தை மதி, மீதி உன் வீட்டுக்குள் என்று பிழைக்க வழி காட்டிய வாக்கியம். அந்த நாடே உன் நாடாகிவிட்டால் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? யூத அரசன் சொல்வதெல்லாம் சட்டமா, இல்லை ரபி அரசனையே நிறுத்திக் கேட்கலாமா? உங்கள் நாவலின் சண்டை இங்கேதான் இருக்கிறது, ஸ்வியாதஸ்லாவிடம் இல்லை.

வட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சக யூதனிடம் வாங்கக்கூடாது, அந்நியனிடம் வாங்கலாம். ஊரில் பாதிப்பேர் யூதராகிவிட்டால் வியாபாரி யாரிடம் கடன் வாங்குவான்? கிறிஸ்தவச் சிறுபான்மையிடம்! அப்படியே தலைகீழ்.

அப்புறம் நாள்காட்டி. 921-22இல் பண்டிகை நாளைக் கணக்கிடுவதில் இரண்டு மத அறிஞர்கள் மோதினார்கள், எருசலேம் பக்கம் பென் மெயிர், பாபிலோன் பக்கம் சாதியா. கணக்கில் வந்த வித்தியாசம் என்னவோ மிகச் சிறியது, ஆனால் ஒரு கட்சிக்கு 922இல் பஸ்கா, அதாவது புளித்த மாவே வீட்டில் இருக்கக்கூடாத பண்டிகை, ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு கட்சிக்குச் செவ்வாய்க்கிழமை. ஒருவன் வீட்டில் புளித்த மாவை வைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் பண்டிகை. அரசு இல்லாததால் கடிதங்களோடும் வசைகளோடும் முடிந்தது. ஓர் அரசனும் படையும் இருந்திருந்தால் அது உள்நாட்டுப் போர். ரபிகளின் சட்டத் தொகுப்பான தல்மூதையே ஏற்காத காரைட்டுகள் என்ற யூதப் பிரிவினர் வேறு அப்போது வலுவாக இருந்தார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

ரோமச் சட்டமும் நினைவிருக்கட்டும். 4ஆம் நூற்றாண்டிலிருந்தே அடிமைக்கு விருத்தசேதனம் செய்யாதே, ஆளை மதம் மாற்றாதே, 438இல் புது ஜெப ஆலயம் கட்டாதே என்று கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். யூதம் ஆள் சேர்க்காத மதம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். சேர்க்க விடவில்லை என்பது பாதிக் கதை.

பதில்: சும்மாபடிப்பவன்

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைய ஐரோப்பிய யூதர்கள் எல்லாம் கசார் வம்சம் என்ற கதையை நாவலுக்குள் இழுத்துவிடாதீர்கள். மொழியும் மரபணு ஆய்வும் அதைத் தாங்கவில்லை, அதைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் பெரும்பாலும் வேறு கணக்கோடு வருகிறவர்கள்.

கற்பனைக்குதிரை

எல்லாருக்கும் நன்றி, மூன்று அத்தியாயமும் குப்பைக்குப் போகிறது. 838இல் தொடங்குகிறேன். காசு அச்சடிக்கும் பட்டறை, எந்தப் பெயரைப் பொறிப்பது என்று சண்டை, பிறகு அரசாணை மேய்ப்பர்களிடம் போகிறது. பஸ்கா சண்டையை நாவலின் நடுவில் வைத்துக்கொள்கிறேன், என் அரசன் செவ்வாய்க்கிழமைக் கட்சி. ஓய்வுநாளில் படை சண்டை போடலாமா என்பது மட்டும் பயமுறுத்துகிறது.

ஓரக்குறிப்பு

அது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஆட்சியை எதிர்த்துப் போராடிய யூதர்களான மக்கபேயர் காலத்திலேயே தீர்ந்த விஷயம். ஓய்வுநாள் என்று எதிர்க்காமல் ஒரு கூட்டம் செத்துப்போன பிறகு, தாக்கினால் திருப்பி அடிக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். நாமாகப் போய்த் தாக்கலாமா என்பதற்கு வேண்டுமானால் இரண்டு ரபிகளை மோதவிடுங்கள்.

கற்பனைக்குதிரை

அது போதும். கடைசியாக ஒன்று, கூமிஸ் போனால் போகட்டும், அந்த மேய்ப்பனுக்கு ஒட்டகப்பாலையாவது விட்டுவைத்திருக்கிறார்களா?

புல்வெளிவாசி

இல்லை. ஒட்டகம் அசைபோடும், ஆனால் ஆகாது என்று தோராவில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அவனுக்கு நாலு ஆடு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.