சாயங்காலம் நல்லா மேய்ஞ்ச கோழி விடியும்போது செத்துக் கிடக்கு: காரணத்தை எப்படிப் பிடிக்கிறது?

பேரையூர்_புறக்கடை:
பேரையூர் பக்கம், புறக்கடையில் பெரிய கோழி 30, ஆறு வாரக் குஞ்சு 11. நாலு ராத்திரியில் 9 பெரிய கோழி போயிருச்சு. சாயங்காலம் கம்பு தின்னுட்டு அடையுது, விடியக்காலை பரணுக்குக் கீழே விறைச்சுக் கிடக்கு. செத்ததெல்லாம் ஆறு மாசம் தாண்டினது. குஞ்சு ஒன்னுக்கும் ஒன்னும் ஆகலை. ரெண்டு சேவலுக்குக் கொண்டை கருநீலம். அலகில் கோழை, எச்சம் கொஞ்சம் பச்சை. இருமல், கழுத்து முறுக்கல் கிடையாது. வெள்ளைக் கழிச்சலைத் தடுக்கக் குஞ்சில் லசோட்டா சொட்டு மருந்து, ரெண்டு மாசத்தில் ஆர்.டி.வி.கே. தடுப்பூசி பெரிய கோழி எல்லாத்துக்கும் போட்டிருக்கு, அதுக்கப்புறம் போடலை. பக்கத்துக் காட்டில் பத்து நாளைக்கு முன்னாடி மக்காச்சோளம் விதைச்சாங்க, ரோஸ் கலர் மருந்து ஏத்தின விதை. ஐப்பசி மழையில் கூட்டுத் தரை ஈரம். கடையில் ஆன்டிபயாடிக் பொடி தர்றாங்க. காரணம் தெரியாம அதைக் கலக்கலாமா?

கள்ளந்திரி_கிடை:
பொடியைக் கலக்காதீங்க. இப்போ மருந்து உள்ளே போனா பரிசோதனையில் கிருமி வளராமப் போயிரும்.

எது சாகுது, எப்போ சாகுது, எங்கே சாகுது, இந்த மூணையும் முதல்ல பாருங்க. விஷம்னா அந்தக் காட்டில் மேய்ஞ்சதுதான் சாகும். பெரும்பாலும் பகல்லயே, மேய்ஞ்ச இடத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழும். தாய் கூடப் போன குஞ்சும் தப்பாது. ஒரே வீச்சில் போட்டுட்டு நின்னுரும். உங்களுக்கு நாலு ராத்திரியா ரெண்டு மூணுன்னு சீரா போகுது, அதுவும் பெரிசு மட்டும். இது நோயோட நடை. வெள்ளைக் கழிச்சல்னா ஊசி குறைவா வாங்கின குஞ்சுகதான் முதல்ல தூங்கி விழும், ரெக்கை தொங்கும். குஞ்சை விட்டுட்டு வளர்ந்த கோழியைத் தேடிப்பிடிக்கிறது கோழிக் காலரா. என் சந்தேகம் அதுமேலதான். ஆனா விதையையும் எலி மருந்தையும் தள்ளிவைக்க தீனிப்பையைப் பார்த்தே ஆகணும்.

சோழவந்தான்_நாட்டுக்கோழி:
அறுக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தலை, தாடி வீங்கியிருக்கா, கால் செதிலுக்கு அடியில் ரத்தத் திட்டு இருக்கா, ஊருக்குள்ளே காக்கா, வாத்து சாகுதான்னு பாருங்க. இதில் ஒன்னு இருந்தாலும், ஒரே நாளில் பாதிக் கோழி விழுந்தாலும் கத்தியைத் தொடாதீங்க. அது பறவைக் காய்ச்சலா இருக்கலாம், மனுஷனுக்கும் ஆபத்து. உடனே கால்நடை உதவி மருத்துவருக்குச் சொல்லணும், 1962-ங்கிற கால்நடை உதவி எண்லயும் கூப்பிடலாம். மாதிரியை அவங்கதான் எடுப்பாங்க, போபால் ஆய்வகத்தில்தான் உறுதி பண்ணுவாங்க.

திருமங்கலம்_பண்ணையாள்:
மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லைன்னா, மருத்துவரிடம் கேட்டுட்டு செத்து சில மணி நேரத்துக்குள்ள அறுக்கணும். நம்ம ஊர் வெக்கையில் மதியம் வரை கிடந்தா ஈரல் பச்சையடிச்சு, குடல் ஊதி, எல்லாமே நோய் மாதிரித்தான் தெரியும். அப்படி அழுகினதைப் பார்த்து முடிவு எடுக்கிறதுதான் பெரிய தப்பு.

கையுறை, முகக்கவசம் கட்டாயம். கூட்டிலிருந்து தள்ளி, காத்து உங்க முதுகுப் பக்கமா வர்ற மாதிரி நில்லுங்க. கோழியைச் சோப்புத் தண்ணியில் முக்கி எடுத்தா இறகும் தூசியும் பறக்காது. மல்லாக்கப் போட்டு, தொடையை ரெண்டு பக்கமும் அழுத்தி மூட்டைக் கழட்டினா உடம்பு ஆடாம நிக்கும். அடிவயித்துத் தோலைக் கிள்ளித் தூக்கி நறுக்கி, கழுத்து வரை உரிங்க. கீரி, மரநாய், பாம்பு கடிச்சிருந்தா தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். வெளியே இறகு மறைச்சிரும்.

அடுத்து தீனிப்பை. உள்ளே இருக்கிறதை வெள்ளைத் தட்டில் கொட்டுங்க. ரோஸ் விதை, குருணை மருந்து இருந்தா கண்ணிலேயே படும். ஜிங்க் பாஸ்பைடுங்கிற எலி மருந்துன்னா அறுத்ததும் பூண்டு வாசம் அடிக்கலாம். மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாதீங்க, அந்த வாயுவே விஷம். விஷம்னு தோணினா தீனியையும் ஈரலையும் தனித்தனி பாட்டிலில் மூடி வைங்க.

நெஞ்செலும்பைத் தூக்கினதும் ஈரலும் இதயமும் தெரியும். காலரான்னா ஈரல் வீங்கி, மேலே ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. இதயத்தைச் சுத்தின கொழுப்பில் ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளி. ஈரல் மஞ்சளா, தொட்டா உடையுற மாதிரி இருந்து வயித்துக்குள்ளே ரத்தக்கட்டி இருந்தா, கொழுத்த முட்டைக்கோழிக்கு ஈரல் வெடிச்ச சாவு. அது தொத்தாது. கடைசியா அரைவைப்பைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற முன் இரைப்பையைப் பிளந்து கழுவுங்க. சுரப்பி மேட்டோட நுனியில் ரத்தப்புள்ளி இருந்தா வெள்ளைக் கழிச்சலைச் சந்தேகப்படணும். குருட்டுக்குடலில் ரத்தம்னா ரத்தக் கழிச்சல், அது குஞ்சுகளோட சீக்கு.

எல்லாத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கங்க. ஒன்னை மட்டும் அறுத்து நிறுத்தாதீங்க, ரெண்டாவதிலும் அதே மாதிரி இருக்கணும்.

பேரையூர்_புறக்கடை:
வீக்கமோ கால் திட்டோ இல்லை, காக்கா எதுவும் சாகலை. மருத்துவர்கிட்ட பேசிட்டு காலையில் செத்த ரெண்டையும் பார்த்தாச்சு. தீனிப்பை நிறையக் கம்பு. ரோஸ் விதை ஒன்னுகூட இல்லை, வாசமும் இல்லை. ரெண்டு ஈரலிலும் ரவைப்புள்ளி, இதயக் கொழுப்பில் சிவப்புப் புள்ளி. முன் இரைப்பை சுத்தம். மூணாவது ஒன்னு புதருக்குள்ள ஊதிக் கிடந்துச்சு, அதை அறுக்கலை.

திருமங்கலம்_பண்ணையாள்:
காலரா மாதிரியேதான் இருக்கு. ஆனா ஆய்வகம் சொல்லாம முடிவு பண்ணாதீங்க. ஈரலை அறுத்த முகத்தைக் ஆய்வகக் கண்ணாடி ஸ்லைடில் லேசா ஒத்தி, காத்தில் உலர்த்துங்க. சாயம் போட்டா கிருமி ரெண்டு முனையில் மட்டும் நிறம் ஏறித் தெரியும். அடுத்துச் சாகிறதை அறுக்காம, ரெண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் அன்னைக்கே கொடுங்க. ஃப்ரீசரில் உறைய வைக்கக் கூடாது. மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கு, திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழக மையமும் இருக்கு. ஊதின கோழியையும் வீண்னு நினைக்காதீங்க, கேட்டா தொடை எலும்பை உடைக்காமக் கொடுங்க. உடம்பு அழுகினாலும் மஜ்ஜையிலிருந்து இந்தக் கிருமியை வளர்க்க முடியும்.

கள்ளந்திரி_கிடை:
புதருக்குள்ள இன்னும் ஏதாவது கிடக்கான்னு சீமைக்கருவேல் அடி வரைக்கும் தேடுங்க. அழுகின கோழியில் வர்ற புழுவைத் தின்னா கழுத்து துவண்டு விழுற இன்னொரு சாவு ஆரம்பிச்சிரும். நாலடிக் குழி, மேலேயும் கீழேயும் சுண்ணாம்பு, கிணத்துக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி. கண்மாயில் வீசாதீங்க, நாய்க்குப் போடாதீங்க. மிச்சக் கோழியைச் சந்தைக்கும் கொண்டுபோகாதீங்க, பாவம், வாங்குறவர் வீட்டுக் கோழியும் போயிரும்.

மருந்து எதுன்னு மருத்துவர் சொல்லட்டும். சொன்ன நாள் முழுக்கக் கொடுங்க. சாவு நின்னதும் நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்கலாம். மருந்து ஓடுற நாளிலும், அதுக்கப்புறம் அவர் சொல்ற நாள் வரைக்கும் முட்டை சாப்பிடக் கூடாது. பிழைச்ச கோழி வெளியே நல்லாத் தெரிஞ்சாலும் மூக்குக்குள்ள கிருமியை வச்சிருக்கும். அதனால புதுக் கோழியை இதோட சேர்க்காதீங்க. குஞ்சு 11-க்கும் தனிப் பஞ்சாரம், தனித் தண்ணிக் கிண்ணம், அதுகளை முதல்ல கவனிச்சிட்டு அப்புறம் பெரிய கோழிகிட்டப் போங்க. எலியும் இதைச் சுமக்கும், பொந்தை அடைங்க. பிளீச்சிங் தூவுறதுன்னா முதல்ல எச்சத்தைச் சுரண்டுங்க, எச்சத்து மேல தூவினா அதிலேயே வீரியம் போயிரும்.

பேரையூர்_புறக்கடை:
குஞ்சுகளைப் பிரிச்சாச்சு. அதுகளுக்கு ஆர்.டி.வி.கே. எட்டாவது வாரம் வருது. தள்ளிப்போடணுமா?

சோழவந்தான்_நாட்டுக்கோழி:
ஆய்வக முடிவு வரட்டும். சாவு நின்னு, குஞ்சு தீனி எடுத்துக்கிட்டு சுறுசுறுப்பா இருந்தா எட்டாவது வாரமே போடலாம். ரெக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. ஒன்னு சோர்ந்திருந்தாலும் பொறுங்க. மருந்துக் குப்பி ஐஸில் இருக்கணும், கலக்கினதை ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும்.